நடுக் கட்டத்தில் ஒரு டிக்

சிட்னி நெருங்கும்போது விமானப் பணிப்பெண் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்துக்கொண்டே போவார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பேனாவைக் கடன் வாங்கி, பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து நிரப்புவார்கள். ஒரு பக்கத்தில் தின்பண்டம் இருக்கிறதா, விதை இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்ற கேள்விகள். திருப்பினால் மூன்று பிரிவுகள். நிரந்தரமாகக் குடியேற வருகிறீர்களா? பார்வையாளராகவோ தற்காலிகமாகவோ வருகிறீர்களா? இங்கே குடியிருந்து வெளியே போய்த் திரும்புகிறீர்களா? மூன்றில் ஒன்றைத்தான் குறிக்கலாம்.

முதல் கட்டத்தை வாழ்நாளில் ஒரு முறை டிக் அடித்தால் பெரிது. மூன்றாவது கட்டம் அங்கே வீடு வாசல் என்று ஆகிவிட்டவர்களுக்கு. நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் கைவைப்பது நடுக் கட்டத்தில். அதில் டிக் அடித்துக்கொண்டே பத்து வருடம் ஓட்டியவர்கள் உண்டு. கல்யாணம், குழந்தை, கார் லோன் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே முடிந்திருக்கும்.

ஆஸ்திரேலிய விசாவைப் பற்றி நம் ஊரில் பேசும்போது ஒரு கணக்கு ஓடும்: தற்காலிக விசா என்பது முதல் பாதி, பிஆர் என்கிற நிரந்தர விசா இரண்டாம் பாதி. முதல் பாதியை ஓட்டிவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடும். ஏஜென்ட் அலுவலகங்களின் கண்ணாடிக் கதவில் ஒட்டிய சுவரொட்டிகள் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் ஆஸ்திரேலியச் சட்டம் அப்படியொரு வாக்கை யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டும் தனித்தனிக் கதவுகள். ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது. அந்த நாட்டில் தமிழர்கள் விசாவால் பட்ட பாட்டில் பாதி, இந்த ஒரு விஷயம் புரியாமல் பட்டது.

எண்ணைச் சொல், ஆளைச் சொல்கிறேன்

சிட்னியில் டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் மளிகைக் கடையில் இரண்டு தமிழ் இளைஞர்கள் சந்தித்துக்கொண்டால், ஊர் விசாரித்த கையோடு அடுத்த கேள்வி விசா எண்தான். "நீங்க எதுல இருக்கீங்க?" "485 ப்ரோ. வர்ற மார்ச்ல முடியுது." அவ்வளவு போதும். எதிரில் நிற்பவருக்கு வயது, படிப்பு, பயம் எல்லாம் புரிந்துவிடும்.

அங்கே ஒவ்வொரு விசாவுக்கும் ஓர் எண் உண்டு. சப்கிளாஸ் என்பார்கள். 600 என்றால் விசிட்டர். 500 மாணவர். 485 படித்து முடித்தவர் சில ஆண்டு வேலை பார்க்க. 482 முதலாளி கூப்பிட்டு வந்தவர். இவை எல்லாம் தற்காலிகம். 189 என்றால் சொந்தப் புள்ளியில் நேராக நிரந்தரம். 190 ஒரு மாநிலம் கைகொடுத்து நிரந்தரம். 186 முதலாளி வழியே நிரந்தரம். 491 இரண்டுக்கும் நடுவில்: ஐந்தாண்டு விசா, சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த இடத்தில்தான் இருக்க வேண்டும், மூன்று ஆண்டு கழித்து 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தக் கணக்கில் பெர்த்தும் அடிலெய்டும்கூட "பிராந்தியப் பகுதி"தான். மதுரையைக் கிராமம் என்று சொன்ன மாதிரி இருக்கும், ஆனால் அது போகிறவருக்கு லாபம்.

இந்த எண்கள் பாஸ்போர்ட்டில் இருக்காது. பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிற வழக்கத்தை ஆஸ்திரேலியா 2015-லேயே நிறுத்திவிட்டது. விசா என்பது மின்னஞ்சலில் வரும் ஒரு கடிதம். "கிராண்ட் வந்துடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஸ்வீட் படம் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கடிதத்தைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிறார்கள் என்பது சந்தேகம். விஷயம் கடைசியில்தான் இருக்கிறது. நிபந்தனைகள் என்ற தலைப்பின் கீழ் நான்கு இலக்க எண்கள் வரிசையாக நிற்கும். 8105 என்றால் மாணவர் வேலை பார்க்க வரம்பு: வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். 8202 என்றால் படிப்பில் தொடர்ந்து சேர்ந்திருக்க வேண்டும். 8101 என்றால் வேலையே கூடாது. 8503 எல்லாவற்றிலும் பொல்லாதது: இந்த விசாவில் இருந்தபடி, அந்த நாட்டுக்குள்ளிருந்து வேறு விசா கேட்க முடியாது. அகதிப் பாதுகாப்பு மாதிரி ஓரிரண்டுதான் விலக்கு. மகள் வீட்டுக்கு வந்த அம்மாவின் விசிட்டர் விசாவில் இந்த எண் இருப்பது, விசாவை நீட்டிக்கப் போகும் அன்றுதான் பல வீடுகளில் தெரியவரும்.

விசாவின் பெயரைப் பார்க்காதீர்கள், நிபந்தனையைப் பாருங்கள். பெயர் பொய் சொல்லும். ஒரு நல்ல உதாரணம் நியூசிலாந்துக்காரர்கள். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் அவர்களுக்கு 444 என்ற விசா கிடைக்கும். அதன் பெயர் "சிறப்புப் பிரிவு", வகை தற்காலிகம். அதை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க வேலை பார்க்கலாம், வீடு கட்டலாம், சாகலாம். எங்கள் பிள்ளைகள் முப்பது வருடமாகத் தற்காலிகமா என்று அவர்கள் குரல் எழுப்பி எழுப்பி, 2023 ஜூலையில்தான் நான்கு ஆண்டு குடியிருந்தால் நேரே குடியுரிமை கேட்கலாம் என்ற வழி பிறந்தது.

திரும்பிவிடுவேன் என்று ஒரு கட்டுரை

மாணவர் விசாவுக்கு வருவோம். நம் பிள்ளைகள் அதிகம் போகும் கதவு அது.

2024 மார்ச் வரைக்கும் மாணவர் விசா கேட்கிறவர் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டியிருந்தது. "நான் உண்மையிலேயே தற்காலிகமாகத்தான் வருகிறேன், படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவேன், அப்பாவுக்கு நிலம் இருக்கிறது, கோயம்புத்தூரில் என் துறைக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது" என்ற ரீதியில். எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் ஏஜென்ட். அதே ஏஜென்ட்தான் போன வாரம் அப்பாவிடம், "படிப்பு முடிஞ்சா பிஆர் ஷ்யூர் சார்" என்று சொல்லியிருப்பார். ஒரே மேசையில் இரண்டு சத்தியம். மாணவர், ஏஜென்ட், விசா அதிகாரி மூவருக்கும் அது நாடகம் என்று தெரியும். 2024 மார்ச் 23 முதல் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டு, நீ உண்மையான மாணவன்தானா என்று மட்டும் கேட்கிறார்கள். பின்னால் அங்கேயே இருக்க ஆசைப்படுவது குற்றமில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

ஒரு பக்கம் பொய்யைக் குறைத்தார்கள், மறு பக்கம் விலையை ஏற்றினார்கள். மாணவர் விசா கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது. அடுத்த ஜூலையில் 2,000. நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல், விசா மறுக்கப்பட்டால் திரும்பி வராது. முதலாண்டுச் செலவுக்கு வங்கியில் 29,710 டாலர் காட்ட வேண்டும், கல்லூரிக் கட்டணம் அதற்கு மேல்.

படித்து முடித்தால் 485. இந்தியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தின் தயவில் இந்தியருக்கு இளநிலைப் படிப்புக்கு இரண்டு ஆண்டு, முதுநிலைக்கு மூன்று, முனைவர் பட்டத்துக்கு நான்கு. ஆனால் 2024 ஜூலையில் வயது வரம்பு 50-லிருந்து 35-க்கு இறங்கியது. ஆராய்ச்சிப் படிப்புக்காரர்களுக்கு விலக்கு. ஊரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, மனைவி குழந்தையோடு 34 வயதில் முதுநிலை படிக்கப் போனவர்களின் தலையில் இடி. சேரும்போது இருந்த விதி முடிக்கும்போது இல்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் கட்டுகிற முதல் விலை இதுதான்: ஆட்டம் நடக்கும்போதே விதியை மாற்றலாம், அவர் கேள்வி கேட்க முடியாது, ஓட்டும் கிடையாது.

பிறந்தநாள் வந்தால் பகீர்

இனி புள்ளிக்கணக்கு. 1979-லேயே ஆஸ்திரேலியா புள்ளி போட்டு ஆள் எடுக்கத் தொடங்கிவிட்டது. இன்றைய கணக்கு இப்படி: 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. 33 ஆனால் 25. 40 ஆனால் 15. 45 ஆனால் கதவே மூடிவிடும். இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்துக்கு 15, முனைவருக்கு 20. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 வாங்கினால் 10 புள்ளி, 8 வாங்கினால் 20. வெளிநாட்டு வேலை அனுபவம் மூன்று ஆண்டுக்கு 5, ஐந்து ஆண்டுக்கு 10, எட்டு ஆண்டுக்கு 15.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் ஐந்து வருடம் ஆன, 30 வயது பையனை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 30, படிப்புக்கு 15, ஆங்கிலத்துக்கு 10, அனுபவத்துக்கு 10. கூட்டினால் 65. தகுதி மதிப்பெண்ணும் 65. அப்பாடா என்பார். அதற்குள் கணினித் துறை அனுபவத்தைச் சரிபார்க்கும் அமைப்பிடமிருந்து கடிதம் வரும். படிப்புக்கேற்ற தேர்ச்சியை அடைந்த காலம் என்று முதல் இரண்டு வருடத்தை அவர்கள் கழித்துவிடுவார்கள். ஐந்து மூன்றாகும், 10 புள்ளி 5 ஆகும். 60. விண்ணப்பமே போட முடியாது. மறுபடி ஆங்கிலத் தேர்வு, மூன்று முறை, நான்கு முறை. எழுதுவதில் 7.5-ல் நின்றுவிட்ட ஒருவருக்கு அந்த அரைப் புள்ளி எப்படிக் கனவில் வரும் என்பதை, அதில் சிக்கியவர்தான் சொல்ல முடியும்.

65 என்பது வரிசையில் நிற்க டோக்கன்தான். 2012 ஜூலையில் வந்த ஸ்கில்செலக்ட் முறையில், விருப்பத்தைப் பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். உயர்ந்த புள்ளிக்கு முதலில் அழைப்பு. கணினித் துறையில் 85, 90 வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் ஏராளம். செவிலியருக்கும் ஆசிரியருக்கும் வழி இதைவிட அகலம். பதிவு இரண்டு ஆண்டு உயிரோடு இருக்கும். இடையில் 33-வது பிறந்தநாள் வந்துவிட்டால் 5 புள்ளி போச்சு. கேக் வெட்டுகிற அன்று லாகினைத் திறந்து பார்த்து முகம் தொங்கியவர்களைத் தெரியும்.

கல்யாணக் கணக்கு இன்னும் வேடிக்கை. 2019 நவம்பர் முதல், தனியாள் என்றால் 10 புள்ளி. மனைவியோ கணவனோ தகுதியுள்ள தொழில், ஆங்கிலம், வயது எல்லாம் வைத்திருந்தால் அதற்கும் 10. ஆங்கிலம் மட்டும் என்றால் 5. இரண்டும் இல்லையென்றால் பூஜ்யம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்த குடும்பம் பதினொன்றாவதாக ஐஇஎல்டிஎஸ் பொருத்தமும் பார்க்கிற காலம். அழைப்பு வரும்வரை நிச்சயதார்த்தத்தோடு நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

தமிழுக்கு ஐந்து புள்ளி

இந்தப் பட்டியலில் நம்மவருக்கென்றே ஒரு வரி இருக்கிறது. சிசிஎல் என்ற சமூக மொழித் தேர்வில் தேறினால் 5 புள்ளி. மொழிகளில் தமிழும் உண்டு. இணையத்தில் நடக்கும். இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 சொல். ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார், இன்னொருவர் தமிழில் பதில் சொல்வார், நடுவில் நீங்கள் வாய்வழியே அதைத் தமிழாக்கியும் இதை ஆங்கிலமாக்கியும் சொல்ல வேண்டும். 90-க்கு 63, ஒவ்வொரு உரையாடலிலும் 45-க்குக் குறைந்தது 29.

தமிழ்தானே என்று போனவர்கள் தடுமாறிய தேர்வு இது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்த சென்னைப் பிள்ளைக்கு "காப்பீட்டு முன்பணம்", "ஜாமீன்", "வாடகை ஒப்பந்தம்", "குறைதீர்ப்பாளர்" எல்லாம் அந்நிய மொழி. மருத்துவமனை, நீதிமன்றம், வங்கி, பள்ளிக்கூடம் என்று எங்கிருந்தும் உரையாடல் வரலாம். இதற்குத் தனிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவில் குடியேறுவதற்காகத் தமிழ் டியூஷன்!

இதன் அருமை தெரிய வேண்டுமானால் 1901-க்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியா ஒரே நாடாக ஆன அந்த ஆண்டிலேயே அதன் நாடாளுமன்றம் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. வெள்ளையர் அல்லாதவர் வரக் கூடாது என்று அதில் எழுதவில்லை. பதிலாக, வருகிறவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொல் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்று எழுதினார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறு மொழி. 1909-க்குப் பிறகு ஒருவர்கூட அதில் தேறவில்லை. தேறாமல் இருப்பதற்காகவே வைத்த தேர்வு.

1934-ல் எகான் கிஷ் என்ற பிராகா நகரத்து இடதுசாரிப் பத்திரிகையாளர் வந்தார். கப்பலை விட்டு இறங்கவிடாததால் மெல்பர்ன் துறைமுகத்தில் மேல்தளத்திலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த மனிதர். எனவே ஸ்காட்லாந்துக் கேலிக் மொழியில் எழுதச் சொன்னார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. அது சட்டம் சொல்கிற ஐரோப்பிய மொழியே அல்ல என்று தீர்ப்பாகி, கிஷ் கட்டுப்போட்ட காலோடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1958-ல் அந்தத் தேர்வு ஒழிந்தது. வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கையின் மிச்சத்தை 1973-ல் விட்லம் அரசு துடைத்தது. மொழியை வைத்து மூடிய அதே கதவில் இன்று தமிழுக்கு ஐந்து புள்ளி. 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர்.

எப்போது வந்தது இந்த நடுக் கட்டம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியா கப்பல் கப்பலாக ஆள் கூட்டியது நிரந்தரமாகக் குடியமர்த்த. வந்து இறங்கியவர் அன்றே வருங்காலக் குடிமகன். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத் தமிழரிலும் பலர் நிரந்தர விசாவோடு வந்தவர்கள்தான். 1996-ல் 457 என்ற விசா வந்த பிறகு காட்சி மாறியது. முதலாளிக்கு ஆள் வேண்டுமா, நான்கு வருடத்துக்குக் கூட்டிக்கொள். அதே காலத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல்கலைக்கழகங்களுக்கு உயிர்மூச்சானது. நிரந்தர இடங்களுக்கு ஆண்டு வரம்பு உண்டு. 2024-25-ல் 1 லட்சத்து 85 ஆயிரம், துணைவர் குழந்தைகள் சேர்த்து. தற்காலிகத்தின் பெரும் பிரிவுகளுக்கு அப்படி வரம்பே இல்லாமல் விட்டுவைத்திருந்தார்கள். மாணவர், நியூசிலாந்துக்காரர் எல்லாம் சேர்த்துத் தற்காலிக விசாவில் அங்கே வாழ்கிறவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு பேர் ஒரு பக்கம் நுழைந்து, அவ்வளவு சின்னக் கதவு வழியே மறுபக்கம் போக முடியாது என்பதற்குப் பெரிய கணக்கு வாத்தியார் தேவையில்லை. 2023-ல் மார்ட்டின் பார்க்கின்சன் தலைமையிலான ஆய்வுக் குழு, நாடு "நிரந்தரத் தற்காலிகர்கள்" என்றொரு கூட்டத்தை உருவாக்கிவிட்டது என்று அரசிடமே சொன்னது.

அந்த 457 பெயர் மாறி 2018-ல் 482 ஆனது. 2024 டிசம்பரில் மறுபடி பெயர் மாறியது, எண் மட்டும் அதே. இந்த விசாவில் இருப்பவரின் உயிர் முதலாளி கையில். வேலை போனால் 60 நாளில் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும் என்றிருந்தது. சம்பளம் குறைத்தாலும், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வாய் திறக்காமல் இருந்தவர்கள் அந்த 60 நாளுக்குப் பயந்தவர்கள். 2024 ஜூலையில் அதை 180 நாள் ஆக்கினார்கள். எந்த அங்கீகாரம் பெற்ற முதலாளியிடம் வேலை பார்த்தாலும் மொத்தம் இரண்டு ஆண்டு ஆனால் 186-க்கு வழி உண்டு. இது நல்ல மாற்றம். ஒரு காகிதத் திருத்தம் ஒருவர் முதுகெலும்பை நிமிர்த்தும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு விசாவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பிரிட்ஜிங் விசா. விண்ணப்பம் போட்டு முடிவு வரும்வரை சட்டப்படி இருக்க அனுமதி. இதில் ஏ, பி, சி என்று பல வகைகள். ஏ வகையில் இருப்பவர் நாட்டை விட்டு வெளியேறினால் அது அந்த நொடியே செத்துவிடும். போய்த் திரும்ப வேண்டுமானால் முன்கூட்டியே பி வகை வாங்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா போய்விட்டார் என்று ஃபோன் வருகிறது. மகன் முதலில் செய்ய வேண்டியது டிக்கெட் போடுவதில்லை. லேப்டாப்பைத் திறந்து பி கேட்டு விண்ணப்பம் போட்டு, மரணச் செய்திக்கு ஆதாரம் இணைத்துக் காத்திருப்பது. கொள்ளிக்கு வராத பிள்ளை என்று ஊர் பேசுகிற சில பிள்ளைகளின் கதைக்குப் பின்னால் இந்த பி என்ற எழுத்து இருக்கிறது.

பிலோயலாவின் நான்கு பேர்

தற்காலிகம் என்ற சொல்லின் கடைசிப் படி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், குயின்ஸ்லாந்தின் நடுவே பிலோயலா என்ற சின்ன ஊருக்குப் போக வேண்டும். இறைச்சிப் பதனிடும் ஆலையை நம்பிய ஊர். ஈழத்திலிருந்து 2012-லும் 2013-லும் தனித்தனியாகப் படகில் வந்து மணம் முடித்த ஓர் ஆணும் பெண்ணும் அங்கே குடியிருந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள், இருவரும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். அங்கே பிறந்தால் அந்த நாட்டுக் குடிமக்கள் என்று நினைப்போம். 1986 ஆகஸ்ட் 20 முதல் அந்த விதி இல்லை. பெற்றோரில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தர விசாவோ வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், அங்கேயே பத்து வயதுவரை வளர்ந்தால் பத்தாவது பிறந்தநாளில் குழந்தை தானாகக் குடிமகள் ஆகும்.

தாயின் பிரிட்ஜிங் விசா தீர்ந்தது. 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை எல்லைப் படையினர் வந்து நால்வரையும் அழைத்துப் போனார்கள். மெல்பர்னில் தடுப்பு முகாம். 2019 ஆகஸ்டில் நாடுகடத்தும் விமானம் கிளம்பிவிட்டது. வானத்தில் இருக்கும்போது நீதிமன்றத் தடையாணை வந்து டார்வினில் இறங்கியது. அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவு. அந்தத் தீவின் முகாமில் அந்தக் குடும்பத்துக்காகவே காவலும் செலவும். 2021 ஜூனில் சின்னவளுக்கு ரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டு பெர்த்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். மருத்துவமனைக் கட்டிலில் அக்கா தங்கையை முத்தமிடும் படம் நாடெங்கும் பரவியது.

இந்த நான்கு வருடமும் ஊர்க்காரர்கள் விடவில்லை என்பதுதான் கதையின் மறுபாதி. பெரும்பாலும் பழமைவாதக் கட்சிக்கு ஓட்டுப் போடும் வெள்ளைக்கார ஊர் அது. கையெழுத்து இயக்கம், போராட்டம், தொலைபேசி அழைப்பு என்று ஓயாமல் இருந்தார்கள். 2022 மே தேர்தலில் அரசு மாறியது, ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா. அமைச்சர் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்திக் கொடுத்தது அது. உரிமை என்று கேட்டு வாங்கியதல்ல.

அவர்களைப் போல ஊர் முழுக்கக் கூடி நின்று கேட்க ஆளில்லாதவர்கள் ஆயிரக்கணக்கில். படகில் வந்து அகதி என்று ஏற்கப்பட்டவர்களுக்கும் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று தற்காலிகப் பாதுகாப்பு விசாதான் கொடுத்தார்கள். 1999-ல் தொடங்கியது, 2008-ல் ஒழித்தது, 2014-ல் மறுபடி கொண்டுவந்தது. 2023 பிப்ரவரியில்தான் அவர்களில் ஏறத்தாழ 19 ஆயிரம் பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தார்கள். அகதி அல்ல என்று விரைவு விசாரணையில் நிராகரிக்கப்பட்டவர்கள் அந்த அறிவிப்புக்குள் வரவில்லை. 2024-ல் மெல்பர்னில் உள்துறை அலுவலகத்துக்கு எதிரே குளிரில் கூடாரம் போட்டு இரவும் பகலும் உட்கார்ந்தவர்களில் தமிழர் பலர். பத்து வருடத்துக்கும் மேலாகப் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவர்கள். அந்தப் பெயருக்குப் பாலம் என்று பொருள். பாலத்திலேயே குடும்பம் நடத்துகிறார்கள்.

நிரந்தரத்துக்கும் தேதி உண்டு

சரி, பிஆர் வந்துவிட்டது. சிட்னி மேஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனையும் ஆகிவிட்டது. மெடிகேர் மருத்துவ அட்டை கிடைக்கும், எந்த வேலைக்கும் போகலாம், எவ்வளவு நாளும் இருக்கலாம். வேலையில்லாதவருக்கான உதவித்தொகை மட்டும் நான்கு ஆண்டு கழித்துத்தான். மத்திய அரசு வேலை பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான், வாக்குரிமையும் அவர்களுக்கே. 1984 ஜனவரி 26-க்கு முன்பே வாக்காளர் பட்டியலில் இருந்த பிரிட்டிஷ் பிரஜைகள் மட்டும் குடியுரிமை இல்லாமலே இன்றும் ஓட்டுப் போடுகிறார்கள். பழைய உறவு!

கிராண்ட் கடிதத்தை மறுபடி கையில் எடுங்கள். நிரந்தர விசாவிலும் ஒரு தேதி இருக்கும், ஐந்து ஆண்டு கழித்து. உள்ளே இருக்கும்வரை அந்தத் தேதியால் ஒன்றும் ஆகாது. அது போய்வருவதற்கான அனுமதியின் தேதி. பிஆர் வாங்கிவிட்டு, பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள மதுரை வந்து மூன்று வருடம் தங்கிவிட்டவருக்குத் தேதி தாண்டிவிட்டால், விமானத்தில் ஏற முடியாது. 155 என்ற திரும்பி வரும் விசா வாங்க வேண்டும். கடந்த ஐந்தாண்டில் இரண்டு ஆண்டு அங்கே இருந்திருந்தால் சுலபம். இல்லையென்றால் அந்த நாட்டோடு கணிசமான தொடர்பு இருப்பதை நிரூபிக்க வேண்டும்.

குற்ற வழக்கில் ஓராண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரின் விசா, நிரந்தரமானாலும் ரத்து. 2014 டிசம்பர் முதல் அது கட்டாயம். கைக்குழந்தையாக வந்து அங்கேயே நாற்பது வருடம் வளர்ந்தவர்களை, மொழியே தெரியாத பிறந்த நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனவே நான்கு ஆண்டு சட்டப்படி குடியிருந்து, அதில் கடைசி ஓராண்டு பிஆராக இருந்தவுடன் குடியுரிமைக்கு எழுதிப் போடுவதே புத்திசாலித்தனம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால் நம்மவர் தயங்குகிறார்கள். தாத்தா வீட்டுப் பத்திரத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள் என்று சொல்வது இன்னும் சரி.

ஏஜென்ட்டிடம் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் குடியேற்ற ஆலோசனை சொல்ல, வழக்கறிஞர் அல்லாதவர் பதிவு எண் வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கை தமிழ்நாட்டுக்கு நீளாது. அங்கே பதிவு பெற்றவரா என்று பெயரைத் தேடிப் பாருங்கள். போலி அனுபவச் சான்றிதழ் சிக்கினால் மூன்று ஆண்டு எந்த விசாவும் எளிதில் கிடைக்காது, சான்றிதழைத் தயாரித்துக் கொடுத்தவர் அதற்குள் கடையை மாற்றியிருப்பார்.

அம்மாவின் அட்டை

எல்லாம் முடிந்து குடியுரிமையும் வாங்கிய பிள்ளைக்கு இன்னொரு கணக்கு பாக்கி இருக்கும். ஊரில் இருக்கும் அம்மா அப்பா.

பெற்றோருக்கான 103 விசாவில் கட்டணம் மற்றதைவிடக் குறைவு. காத்திருப்பு 30 ஆண்டுக்கு மேல் என்று அரசே அறிவித்திருக்கிறது. அறுபது வயதில் விண்ணப்பித்தால் தொண்ணூறில் கிடைக்கும். சீக்கிரம் வேண்டுமென்றால் 143. ஆளுக்கு ஏறத்தாழ 48 ஆயிரம் டாலர், அதற்கும் பத்து ஆண்டுக்கு மேல். ஆண்டுக்குப் பெற்றோருக்கு ஒதுக்கியது 8,500 இடம், வரிசையில் நிற்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வரிசையில் நிற்பதற்கே ஒரு தகுதி வேண்டும்: பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களைவிட அங்கே இருப்பவர்கள் அதிகம் இருக்க வேண்டும். ஒரு மகன் சென்னையில், ஒரு மகள் சிட்னியில் என்றால் தேறும். திருச்சியில் இன்னொரு மகள் இருந்துவிட்டால் தேறாது.

2019-ல் வந்த 870 தற்காலிகப் பெற்றோர் விசாவில் இந்தப் பிள்ளைக் கணக்கு இல்லை. மூன்றாண்டுக்கு ஏறத்தாழ 6 ஆயிரம் டாலர், ஐந்தாண்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. மொத்தம் பத்து ஆண்டுக்கு மேல் தங்க முடியாது, வேலை பார்க்க முடியாது. மற்றவர்களுக்கு விசிட்டர் விசாவே கதி. பிள்ளைப்பேற்றுக்கு ஒரு முறை, பேரன் பள்ளி சேரும்போது ஒரு முறை.

அப்படி மூன்றாவது முறையாகப் போகிற ஓர் அம்மாவின் கையில் இப்போது அந்த அட்டை இருக்கிறது. நடுக் கட்டத்தில் டிக் அடித்தாகிவிட்டது. தின்பண்டம் இருக்கிறதா என்ற கேள்வியில் பேனா நிற்கிறது. பெட்டியில் பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், பிரசவ லேகியம், செய்தித்தாளில் சுற்றிய கருவாடு. மகள் ஃபோனில் நூறு முறை சொல்லியிருக்கிறாள், எல்லாத்துக்கும் ஆமான்னு போடும்மா என்று. அவள் சொல்வதில் காரணம் இருக்கிறது. குடியுரிமை வாங்கிய மகள் மறைத்துக் கொண்டுவந்து சிக்கினால் அபராதத்தோடு போகும். தற்காலிக விசாக்காரர் சிக்கினால் விசாவையே ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்ப முடியும். 2019-ல் பன்றி இறைச்சியைச் சொல்லாமல் கொண்டுவந்த ஒரு பயணிக்குச் சிட்னி விமான நிலையத்திலேயே அது நடந்தது.

அம்மா "ஆம்" கட்டத்தில் டிக் அடிக்கிறார். சிவப்புக் கோடு தாண்டி, எஃகு மேசைக்கு முன்னால் அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு பொட்டலத்தைப் பிரிக்கிறார். லேகியத்தை முகர்ந்து பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயர் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே, நிறைமாத வயிற்றோடு நிற்கும் மகளைக் கையால் காட்டுகிறார்.